தீயை மட்டும் படித்த மந்திரவாதி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிப்பொடியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் படிக்கும் என் அக்கா மகளிடமிருந்து செய்தி வந்தது. “மாமா, மந்திரவாதி ஒரே வித்தைய ஆழமா கத்துக்கறது நல்லதா, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கத்துக்கறது நல்லதா? சீக்கிரம் சொல்லுங்க, ஹாஸ்டல்ல சண்டை நடக்குது.” படித்து முடிப்பதற்குள் எண்ணெய் தட்டு முழுக்க ஓடிவிட்டது. இந்தக் கேள்வியிடமிருந்து தப்பித்துவிட்டதாகப் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். என் இளமையின் சனிக்கிழமைகளைத் தின்று ஏப்பம் விட்ட கேள்வி இது. இப்போது அடுத்த தலைமுறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

விஷயம் தெரியாதவராக நீங்கள் இருந்தால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருத்தி திருடி, ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி. ‘முன்னால் ஒரு குகை இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்’ என்று கதைசொல்லி கேட்பார். நாம் செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு, இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் குகையிலிருப்பது நம்மைத் தின்னும். மந்திரவாதிகளில் இரண்டு சாதி. ஒரே வித்தையில் மூழ்கியவனுக்கு அந்த வித்தை மற்றவர்களைவிடப் பல மடங்கு பலிக்கும், ஆனால் வேறு பல கதவுகள் அவனுக்கு மூடிவிடும். பரவலாகப் படித்தவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். திறந்து உள்ளே போனால் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

கள்ளக்குறிச்சிக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முரளி என்று ஒரு வங்கி அதிகாரி மெட்ராஸிலிருந்து மாற்றலில் வந்தான். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்கூட ஆகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவன், பெட்டியில் கொண்டுவந்திருந்த பகடைகளை எடுத்து வெளியே வைத்தான். அவனோடு வேலை பார்த்த ஜெசிந்தா முதலில் சிக்கினாள். அடுத்தது அண்ணாமலை.

அண்ணாமலை கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. தன் ஊர்க்காரர்களின் கணக்கு, காப்பீடு, ஆதார் என்று ஏதாவது ஒன்றுக்காக வாரத்துக்கு இரண்டு முறையாவது வங்கிப் படியேறுவான். அப்படித்தான் முரளிக்குப் பழக்கம். நான் அண்ணாமலையின் அறைத்தோழன், அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். இழுக்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கு அப்போது மூங்கில்துறைப்பட்டு பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை. கரும்புச் சாற்றில் எத்தனை இனிப்பு இருக்கிறது என்று கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அரவைக் காலம் முழுக்க அதே கருவி, அதே கண், அதே இனிப்பு. எத்தனை முறை துவைத்தாலும் சட்டையில் மொலாசஸ் வாடை போகாது. பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு மந்திரவாதியை உருவாக்கச் சொன்னால் எப்படி உருவாக்குவான்? பூட்டுத் திறக்கும் மந்திரம், தூங்கவைக்கும் மந்திரம், இருட்டில் வெளிச்சம், பறவையோடு பேச்சு, இறகாக மிதப்பது என்று கல்யாணப் பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்பவனைப்போல வாங்கிக்கொண்டேன்.

அண்ணாமலை தீயை எடுத்தான். தீயை மட்டும்.

ஆரம்பத்தில் எனக்கு வருத்தமில்லை. கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், கொளுத்தினான், நல்லது. அடுத்து ஒரு ஊரில் கிணற்றில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். விஷத்தைக் கண்டுபிடிக்கும் மந்திரம் என்னிடம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாமலை கிணற்றைக் கொதிக்கவைத்துவிட்டான். விஷம் போனதோ இல்லையோ, கிணறு போய்விட்டது. அரண்மனைக் கல்யாணத்துக்குள் சந்தடியில்லாமல் நுழைய வேண்டியிருந்தபோது பந்தல் எரிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் எதிரிப்படை நின்றது. ஒவ்வொருவரையும் இறகாக்கி மெல்ல அக்கரை சேர்க்க நான் ஒரு மணிநேரம் திட்டம் போட்டேன். அவன் இக்கரையில் நின்றபடி எதிரிக் கூடாரத்தோடு சேர்த்துப் பாலத்தையும் கொளுத்தினான். நாங்கள் கடக்க வேண்டிய பாலம்.

சில வாரங்களுக்கொருமுறை பாத்திரங்கள் ஒரு படி மேலேறும், புது மந்திரம் கற்கலாம். முரளி ஒவ்வொரு தடவையும் அவனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்பான். அண்ணாமலை பட்டியலை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படிப்பான். படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிய தீயாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். சில நாள் அடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

என் மந்திரவாதியின் பெருமையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன் பூட்டுத் திறக்கும் மந்திரம் மரப்பூட்டைத் திறந்தது, இரும்புப்பூட்டைத் திறக்கவில்லை. அவன் தூங்கவைத்த காவலாளி கொட்டாவி விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான். ஜெசிந்தா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “உங்க ஆளு கல்யாண வூட்டு மாமா மாதிரிண்ணா. எல்லா எடத்துலயும் நிக்கிறாரு, ஒரு வேலையும் முடியல.” அண்ணாமலை விழுந்து விழுந்து சிரித்தான். பாலத்தைக் கொளுத்தியவனுக்குச் சிரிப்பு.

ஆட்டம் நடந்தது ஜெசிந்தா வீட்டு முன்னறையில். அந்த அறைக்கென்றே ஒரு வாசனை உண்டு: மாதா படத்துக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியும் உள்ளே பொரியும் கருவாடும் கலந்தது. ஜெசிந்தாவின் அம்மாவுக்கு எங்கள்மேல் பாசம் இருந்தது, எங்கள் பேச்சின்மேல் பெரிய சந்தேகமும் இருந்தது. பிசாசு, மந்திரம், சாபம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் காதில் விழுந்தால் யாருக்குத்தான் இருக்காது? ஒருநாள் காபி டம்ளர்களை வைத்துவிட்டு நின்றவர், என்னையும் அண்ணாமலையையும் மாறிமாறிப் பார்த்தார். “இதுல யாரு மந்திரவாதி?” என்றார். இரண்டு பேரும்தான் என்றோம். “ஒரு கூட்டத்துக்கு எதுக்குப்பா ரெண்டு?” என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் சண்டையின் வேர் அங்கேதான் இருந்தது. ஒருவனே போதும், அது யார் என்பதுதான் வழக்கு.

இரண்டு வருடம் இப்படியே போனது. முரளிக்கு மீண்டும் மெட்ராஸுக்கே மாற்றல் வந்தது. கதையை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றான். அண்ணாமலை வீட்டில் சாமை அறுப்பு, அவனால் இறங்கி வர முடியாது. அதனால் கடைசி ஆட்டத்தை மலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டான். மலைக்குக் கிளம்புவதற்கு முன் முரளி என்னிடம் ரகசியமாகச் சொன்னான்: கதையின் கடைசி எதிரி நெருப்பாலேயே ஆன ஒரு பூதம், தீ அதை ஒன்றும் செய்யாது. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்வரை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பேருந்தைவிட்டு இறங்கியதும் தூறல் தொடங்கியது. அண்ணாமலை வந்து நின்றிருந்தான். அங்கிருந்து அவன் வீட்டுக்கு நடந்தே போக வேண்டும். கொஞ்ச தூரம்தான், ஆனால் போய்ச் சேர முடியவில்லை. ஒருவர் நிறுத்தி, மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றார். அண்ணாமலை கொல்லைக்குள் இறங்கிப் போய் ஸ்டார்ட்டரைத் திறந்தான். அடுத்த வீட்டில் ஓர் ஆடு வயிறு உப்பிக் கிடந்தது. அதற்கும் உட்கார்ந்தான். ஒரு பெண் மகளின் சாதிச் சான்றிதழ் மனுவில் என்ன தப்பு என்று கேட்டார். ஒரு பெரியவருக்கு மாத்திரைப் பட்டையில் எது காலை, எது ராத்திரி என்று தெரிய வேண்டியிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆட்டம் தாமதமாகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தோம். பூதம் எழுந்தது. முரளி கைகளை விரித்து அதை வர்ணித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சின்னசாமி நனைந்துபோய் வாசலில் வந்து நின்றார். அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே.

அண்ணாமலை எழுந்தான். அதற்குப்பின் நடந்ததை நான் பின்னால் ஓடியபடிதான் பார்த்தேன். அந்த ஊரில் ஏரிக்கரைப் பாறைமேல் நின்றால் மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல். பாறையில் ஏறி ஆம்புலன்ஸுக்குப் பேசினான். கீழே ஒரு வளைவில் மரம் விழுந்திருக்கிறது, வண்டி அதைத் தாண்டாது என்றார்கள். சரி, நீங்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஒருவரிடம் ஜீப்பு, இன்னொருவரிடம் அரிவாள், ரம்பம், சின்னசாமி வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக்கட்டில். அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றி, ஜெசிந்தாவை மடிகொடுக்கச் சொல்லி உட்காரவைத்தான். மரத்தை அகற்ற நேரமில்லை. ஒரு கட்டில் நுழையும் அளவுக்குக் கிளைகளை மட்டும் கழித்தார்கள். நான் கிளைகளை இழுத்துப் போட்டேன், பாதியில் கை வழுக்கியது. இரண்டு வருடமாக எங்களுக்கு மலையும் காடும் போரும் வர்ணித்த முரளி, சேற்றில் விழுந்து ஒரு செருப்பைத் தொலைத்தான். அந்தப் பெண்ணைப் படுக்கவைத்த கட்டில் அந்தப் பக்கம் போனது, ஆம்புலன்ஸ் கதவு மூடிக்கொண்டது. கூடவே ஏறிய அவள் அம்மா உள்ளிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் குறைவதற்கு முன் அண்ணாமலை மறுபடி பாறைக்குப் போய்விட்டு வந்தான். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றான். பாயில் உட்கார்ந்தான். “யாரு மொறை?”

“உன் மொறைதான்” என்றான் முரளி.

அந்தப் பூதம் நெருப்பால் ஆனது, தீ அதைத் தொடாது, ஊட்டி வளர்க்கத்தான் செய்யும் என்று முரளி மறுபடி நிறுத்தி நிதானமாகச் சொன்னான். இனாமாக ஒரு நீர் மந்திரம் தருகிறேன் என்றும் சொன்னான். ஜெசிந்தா கெஞ்சினாள். அவளுடைய திருடி, ஆட்டம் முடிந்ததும் அம்மாவோடு குடியிருக்கக் கடலோரத்தில் ஒரு வீட்டுக்கு வரைபடமே போட்டு வைத்திருந்தாள். அண்ணாமலை பகடையைக் கையில் எடுத்தான். “தீ வெக்கிறேன்.”

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. “ஏண்டா, ஒரே ஒரு வாட்டி வேற எதனா செய்யேன்டா” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. “காலையிலேர்ந்து வேற இன்னாடா செஞ்சிக்கினு இருந்தேன்? மோட்டாரு, ஆடு, மாத்திர, மரம். இங்க வந்தாதான் எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்னு இருக்குது. அத்த வுடு எனக்கு.”

பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அந்த ஆட்டத்தில் அதற்குமேல் எண் கிடையாது. முரளி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விதியை வளைத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. வளைக்கவில்லை. பூதம் தீயை முழுதாகக் குடித்தது, வானம் தொட வளர்ந்தது, எங்கள் நால்வர் கதையும் கடலோர வீடும் மொத்தமாக வெந்து சாம்பலானது. அண்ணாமலை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான்.

“நல்லா எரிஞ்சிச்சா?” என்றான்.

“எரிஞ்சிச்சிடா” என்றான் முரளி. “இதுக்கு மேல எரிய ஒண்ணுமில்ல.”

அண்ணாமலை சாமைச் சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். ஜெசிந்தா மறுநாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் வரும்வரை எங்கள் யாரிடமும் பேசவில்லை.

முரளி பகடைகளோடு மெட்ராஸுக்குப் போனான். அத்தனை முகமுள்ள பகடையை நான் பிறகு கண்ணால் பார்க்கவில்லை. ஜெசிந்தா கல்யாணமாகி மஸ்கட் போனாள். அவள் அம்மா இறந்தபின் வீட்டை விற்றார்கள். மெழுகுவர்த்தியும் கருவாடும் மணந்த முன்னறை இருந்த இடத்தில் இப்போது ஒரு டைல்ஸ் கடையின் கண்ணாடிக் கதவு, திறந்தால் ஏசி வாசனை. ஊர் மாவட்டத் தலைநகராகிவிட்டது. நாங்கள் குடியிருந்த மாடியறையில் ஏதோ அலுவலகப் பலகை தொங்குகிறது.

அண்ணாமலை பிரவுசிங் சென்டர் மூடியதும் ஓசூருக்குப் போனான். சென்ற வருடம் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் எதிர்ப்பட்டான். என்ன வேலை என்று கேட்டேன். கார்க் கதவில் ரப்பர் பட்டை பொருத்துவது என்றான். காலையில் நின்றால் மாலைவரை அது ஒன்றுதான், வேறு எதையும் தொட வேண்டாம், தொடவும் கூடாது. நீ கேட்டது கிடைத்துவிட்டதே என்றேன். தலையை ஆட்டினான். ஊருக்குப் போவது உண்டா என்று கேட்டேன். தீபாவளிக்குத்தான். ரோடு நன்றாகப் போட்டிருக்கிறார்கள், பாதிப்பேர் திருப்பூர், கேரளா என்று வேலைக்குப் போய்விட்டார்கள், வெள்ளிமலைப் பக்கம் டவரும் வந்துவிட்டது, பாறைமேல் ஏற வேண்டியதில்லை.

“அப்ப மழைக்கு மரம் வுழுந்தா யாரக் கூப்புடுறாங்க?” என்றேன்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“தெரிலடா” என்றான். “என்னைக் கூப்புடுறதில்ல.”