நாவலில் எனக்கு வேலை போனது

புத்தகக் கடை வேலை என்றால் நாள் முழுக்கப் படிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பெட்டி தூக்கிப் பார்க்கட்டும். கால் கடுக்க நின்று கண்டவரிடமும் பேச்சு வாங்கும் என் இனத்தவரே, இது உங்களுக்குத்தான். ஏ லெவல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் இருக்கும் லூசியானாவின் கடையில் சேர்ந்தேன். லூசியானா பிரேசில்காரி, எழுத்தாளர். கடையில் பாதி பிரேசில் நாவல்கள், ஆங்கிலத்தில். எனக்கு ஒரு மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால் திரும்பக் காலேஜ், அதுவும் அக்கவுண்டன்சி. இது அம்மாவின் தீர்ப்பு.

எந்தத் தட்டு?

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். பிரேசிலில் இப்போது நிறையப் பேர் எழுதுவது தன்புனைவாம். எழுதியவரின் பெயர்தான் கதை சொல்பவருக்கும். அதே ஊர், அதே விவாகரத்து. ஆனால் அட்டையில் 'நாவல்' என்று போட்டிருக்கும். நான் எல்லாவற்றையும் சுயசரிதைத் தட்டில் அடுக்கினேன். லூசியானா எல்லாவற்றையும் இறக்க வைத்தார். "அப்போ இது பொய்யா?" என்று கேட்டேன்.

"பொய் என்று யார் சொன்னது?"

"அப்போ உண்மையா?"

"உண்மை என்றுதான் யார் சொன்னது?"

செத்தவர் கேக் வெட்டுகிறார்

மன்னார் அங்கிள் ஒருவர் வாடிக்கையாக வருவார். தகப்பனின் சாவைப் பற்றி மகன் எழுதிய நாவல் ஒன்றை அவரிடம் விற்றேன். வாசித்து அழுதிருக்கிறார். பிறகு இணையத்தில் தேடினால், செத்த தகப்பன் மகனின் புத்தக வெளியீட்டில் சிரித்துக்கொண்டு கேக் வெட்டுகிறார். அங்கிள் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் ஆத்துமப் பூசை ஒப்புக்குடுத்திட்டன், பிள்ளை!"

அம்மாவின் விமர்சனம்

என்ன விற்கிறாய் என்று அம்மா கேட்டா. "தங்கட வாழ்க்கையை எழுதுவினம். இடையில இல்லாததையும் சேர்ப்பினம். எது எது எண்டு சொல்லமாட்டினம்" என்றேன்.

"இதுக்கு ஏன் புத்தகம்? பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிண்டால் காணுமே!"

கடைசி நாள்

சோதனைக் காலம் முடியும் நாளில், லூசியானா தன் புது நாவலிலிருந்து ஒரு பகுதியைக் கடையில் வாசித்தார். அம்மாவும் வந்து முன்வரிசையில் இருந்தா. கதையிலும் ஒரு கடை, ஒரு லூசியானா, ஷரோன் என்று ஒரு பெண். ஷரோன் நான்தான். அவள் ஒரு வாடிக்கையாளரிடம், "இது படு போர், வாங்காதீர்கள்" என்கிறாள். அதுவும் நான் சொன்னதுதான். அடுத்த வரி: "அன்று மாலையே அவளை வேலையை விட்டு நிறுத்தினேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா எழும்பினா. "படிப்பையும் விட்டாச்சு, வேலையும் போச்சோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, லூசியானாவிடம் ஆங்கிலத்தில் நேரே கேட்டா: நாளைக்கு இவள் வர வேண்டுமா, வேண்டாமா?

லூசியானா சிரித்தார். "நிறுத்தினது அந்த லூசியானா. இந்த லூசியானாவுக்கு நாளைக் காலையில் கடை திறக்க ஆள் வேண்டும்."

ஆக, நாவலில் வேலை போனவள், கோயில் வாசலில் அம்மா சொல்லித் திரிகிற மனேஜர், பெட்டி தூக்குகிற நான் என்று இப்போது மூன்று ஷரோன்கள் இருக்கிறோம், கால் வலிக்கிறது மட்டும் எனக்குத்தான்.