ஒன்பது அங்குலத் திரையில் ஒரு வீடு

ஒரு கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்காக ஆகஸ்ட் மாதத்தில் துபாய்க்கு டிக்கெட் எடுத்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“வீட்லயே மூணு கெடக்கு, தூசி தட்ட ஆளில்ல. அங்க போய் என்னத்தப் பாக்கப் போறீங்க?” என்றாள் மனைவி. வரலாறு என்று சொல்லிவைத்தேன். திருநெல்வேலியில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன் நான். திரையில் படங்களை மவுஸால் தொட்டு வேலை வாங்கும் பழக்கம் எப்படிப் பிறந்தது என்று இணையத்தில் ஏழெட்டுக் கட்டுரைகள் எழுதி, நாலு பேருக்கு நிபுணன் ஆகிவிட்டேன். அந்த ஆதி இயந்திரங்களில் ஒன்றைக்கூட நேரில் தொட்டதில்லை என்பதை மட்டும் அந்த நாலு பேரிடமும் சொல்லவில்லை.

நால்வரில் ஒருவர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். துபாயில் அல் கூஸ் பகுதியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பக்கம் கட்டும் வேலை. அவர் எழுதியிருந்தார்: அச்சகத்தை மூடுகிறார்கள், பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டோரில் கிடக்கிறது, திங்கட்கிழமை காயலான் லாரி வருகிறது, அதற்குள் அதிலிருக்கும் ஒரு படத்தை எடுக்க வேண்டும். ‘எனக்குத் தொடப் பயம். தெரிந்த ஆள் நீங்கள்தான்.’

தெரிந்த ஆள் விமானம் ஏறினான்.

சனிக்கிழமை மாலை இறங்கினேன். மெட்ரோவில் ஆறு திர்ஹம் கொடுத்துப் பர் துபாய் வந்து, மீனா பஜார் சந்தில் பங்க் கட்டிலும் பொதுக் கழிப்பறையுமாக ஓர் இடம் பிடித்தேன். வெளியே காற்று அடித்தது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் அடிக்குமே, அந்தக் காற்று.

ஞாயிறு காலை பத்து மணி. டாக்ஸி ஓட்டியவர் பரமக்குடிப் பக்கம். அல் கூஸ் பதினைந்து கிலோமீட்டர் என்றார்.

“விசிட்ல வந்திருக்கீக, அல் கூஸுக்கு எதுக்கு சார்? கொடவுனும் லேபர் கேம்ப்பும்தான இருக்கு.”

“ஒரு பழைய கம்ப்யூட்டர் பாக்க.”

“ரிப்பேருக்கா?”

“இல்ல, சும்மா பாக்க.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஏசியைக் கூட்டி வைத்தார். வெயில் தலைக்கேறிய ஆள் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். மீட்டரில் முப்பத்தெட்டு திர்ஹம் ஆனது. நல்ல மனிதர், இறங்கும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்.

தகரக் கூரைகள், டயர்க் கடைகள், கம்பிகளில் காயும் நீலச் சீருடைகள். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு கனகசபை ஐயா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. பர் துபாய்க் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். இந்தக் காரியத்துக்காக அர்ச்சனை செய்திருக்கிறார்.

“வாங்கோ தம்பி. இதுதான் ஆள்” என்று துணியை விலக்கினார்.

பழுப்பு வெள்ளையில் சின்னப் பெட்டி. ஒன்பது அங்குலத் திரை, ஒரே பொத்தானுடன் ஒரு மவுஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டளையைப் பிழையில்லாமல் தட்டினால்தான் அசையும். அமெரிக்காவில் நகல் இயந்திரம் விற்கிற ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் திரையை ஒரு மேசையாகப் பார்க்கலாம் என்று நினைத்து, காகிதம், கோப்பு எல்லாவற்றையும் படமாகப் பரப்பினார்கள். செய்தவர்களுக்கு அதை விற்கத் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்ச் சின்னதாகச் செய்து விற்றார்கள். அப்படி வந்த வம்சம் இந்தப் பெட்டி. இதையெல்லாம் ஐயாவிடம் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

“அப்பிடியே?” என்றார் பொறுமையாக. பிறகு தன் கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அவர் ஓவர்டைம் செய்யும்போது மனைவி சோற்றுப் பார்சலோடு வருவாராம்.

“பக்கத்தில இருந்து இதில வீடு கீறுவா. ஊர்க்காணியில கட்டவெண்டு. பிரிண்ட் எடுத்து ஊருக்கு அனுப்பினனாங்கள், இடம்பெயர்வோட அது போயிட்டுது. அவ கண்ணை மூடி மூண்டு வருசம். இப்ப நான் போய்க் கட்டப்போறன், அவ கீறினபடியே.”

இயந்திரம் நூற்றுப்பத்து வோல்ட் ரகம். அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பத்திரமாக வைத்திருந்தார். மாட்டினோம். மணி ஒலித்தது, திரையில் சிரித்த முகம் வந்தது. ஐயா எடுத்துக் கொடுத்த பிளாப்பியைச் சொருகினேன். கரகரவென்று அரைத்து, கடைசியில் படம் திறந்தது.

கறுப்புக் கோடுகளில் ஒரு வீடு. மவுஸால் எழுதிய கோணல் எழுத்தில் ‘குசினி’, சமையலறைக்கு அவர்கள் ஊர்ச் சொல்.

“எவ்வளவு பெரிய குசினி பாத்தீங்களே” என்று ஐயா சிரித்தார். “இஞ்ச பிளாட்டில ரெண்டு பேர் நிண்டா முட்டும். அதுதான் கோவம் அவவுக்கு.” உடனே பையிலிருந்து போனை எடுத்தார். “முதல்ல இதில ஒரு படம் எடுப்பமே?”

“போட்டோவா? ஐயா, கல்யாணப் பந்தியைப் படம் புடிச்சிட்டுப் பசியோட வீட்டுக்கு வர்ற மாதிரி அது. பைலையே எடுத்துத் தர்றேன், கொஞ்சம் இருங்க.”

அவர் போனைப் பைக்குள் வைத்தார்.

நான் திரையில் படம் திறந்திருந்த ஜன்னலை மூடினேன். படத்தின் சின்ன உருவத்தை இழுத்துக்கொண்டுபோய் மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டேன்.

“ஐயோ! என்ன செய்யிறீங்கள்?”

“பயப்படாதீங்க. இதுதான் இதோட அழகே. தூக்கிப் போட்டுட்டு, மனசு மாறினா திரும்ப எடுத்துக்கலாம்.” வகுப்பில் வருடா வருடம் கைதட்டல் வாங்கித் தரும் வசனம் அது. “அவங்க எதுல வரைஞ்சாங்களோ அதையும் பாத்துருவோம்” என்று படம் வரையும் புரோகிராமைத் திறந்து, ஒரு தென்னை மரம் கிறுக்கி, சேமித்தும் வைத்தேன்.

மூடிவிட்டு வந்து கூடையைத் திறந்தேன். காலி.

அந்தத் தலைமுறை இயந்திரங்களில் வேறொரு புரோகிராமைத் திறந்தாலே கூடை தானாகக் காலியாகிவிடும். தெரியாமல் இல்லை, என் மூன்றாவது கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கைக்குப் பழகியது இன்றைய கூடை, சொல்லும்வரை காத்திருக்கும் கூடை. டிஸ்கில் இடம் நெருக்கடி வேறு, அழிந்ததன் இடத்தில்தான் புதியது பதியும். நான் கிறுக்கிய தென்னை அந்த வீட்டின் மேலேயே முளைத்திருக்கும்.

ஐயா கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தபடி கேட்டார்:

“குசினி யன்னல் எந்தப் பக்கம் இருந்தது தம்பி? எனக்கு மறந்துபோச்சு. நீங்கள் இப்பத்தானே பாத்தனீங்கள்?”

நான் பார்க்கவில்லை. படத்தைச் சுற்றியிருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே இருந்த மெனுவை, ஓரத்தில் நகரும் பட்டையை. அந்த வீட்டின் ஒரு சுவர்கூட என் நினைவில் இல்லை.

கூடையை இன்னும் நாலைந்து முறை திறந்து திறந்து மூடினேன். ஐயா எழுந்து பிளக்கைப் பிடுங்கினார். தெருமுனை கஃபெடீரியாவில் எனக்கு ஒரு திர்ஹம் கரக் டீ வாங்கித் தந்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்றார்.

திங்கள் காலை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் லீவில் ஊர் போகிறவர்கள். டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகள், போர்வைக் கட்டுகள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்கு எதையோ கொண்டுபோகிறார்கள். நான் மட்டும் ஒருவருடைய வீட்டை இல்லாமல் ஆக்கிவிட்டு, ஏழு கிலோ கைப்பையுடன் போகிறேன். ஊர் திரும்பி மறுபடியும் இதே பாடத்தைத்தான் நடத்த வேண்டும். மனிதனின் தவறை மன்னிக்கத் தெரிந்த இயந்திரம் என்று இனி எந்த வாயால் சொல்வது? லாரி அந்நேரம் வந்திருக்கும்.

மனம் கேட்கவில்லை. போன் செய்தேன். பெட்டி போனால் போகட்டும், டிஸ்க் உங்களிடம்தானே இருக்கிறது, சென்னையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கூரியரில் அனுப்புங்கள், எப்படியாவது மீட்டுத் தருகிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். ஐயா முழுவதையும் கேட்டார்.

“நீங்கள் இனி ஒண்டையும் தொடாதேங்கோ.”