பொதுத்தேர்வைத் தாங்கும் மீன்

எங்கள் வீட்டில் மீன் செத்தால் யாரும் அழமாட்டார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். அப்பா, "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு" என்பார். பிறகு மீனுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கொய்யா மரத்தடியில் புதைப்போம். அன்றைக்குப் பெரும்பாலும் பாயசம் உண்டு.

வாஸ்து மீன் வளர்க்கிற வீடுகளில் இதுதான் சட்டம். குடும்பத்துக்கு வரவேண்டிய கண்டத்தை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்ச் சேரும். அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸ் வேலை, வீடும் அங்கேயே. ஆபீஸில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வந்தார். முதல் மீன் செத்த அன்று பஸ் ஸ்டாண்டு முக்கில் அவர் வண்டி சறுக்கி, பேன்ட் மட்டும் கிழிந்தது. இரண்டாவது மீன் செத்த வாரம், அவருக்கு வரவேண்டிய டிரான்ஸ்ஃபர் பக்கத்து மேஜைக்காரருக்குப் போனது. இதற்குமேல் ஒரு மனிதருக்கு என்ன நிரூபணம் வேண்டும்? மறுநாளே நாலு மீன் வந்தன.

உண்மையில் அவற்றைக் கொன்றது எங்கள் கண்டம் இல்லை. குழாய்த் தண்ணீரில் இருந்த பிளீச்சிங் பவுடரும், அம்மா உதிர்த்துப் போட்ட இட்லியும்தான். பத்தாவது முடிந்த லீவில் நான் இதைக் கண்டுபிடித்தேன். தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். இட்லிக்குத் தடை போட்டேன். மீன்கள் சாவதை நிறுத்திவிட்டன.

எனக்கு அப்படி ஒரு பெருமை. ஆனால் வீட்டில் ஒருவரும் பாராட்டவில்லை. நாளாக ஆக, விசில் வராத குக்கரைப் பார்ப்பதுபோல அம்மா அந்தத் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கூட போவலியேடி," என்றாள் ஒருநாள். "எல்லாம் உள்ளயே சேந்துகினு இருக்குது."

"எது சேந்துகினு இருக்குது?"

"வர வேண்டியதுதான்."

நான் பன்னிரண்டாவதுக்கு வந்தபோது அப்பாவுக்கும் பயம் வந்துவிட்டது. தங்கமீன்கள் எல்லாம் ரொம்ப சாது, பொதுத்தேர்வு அளவுக்கு அவற்றுக்குத் தெம்பு போதாது என்று முடிவு செய்தார். அவற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்களுக்கும் கண்டம் இருக்குமே. பிறகு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு டவுனில் இருக்கிற மீன் கடைக்குப் போய், "பப்ளிக் எக்ஸாமத் தாங்குற மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றார். கடைக்காரர் சிரிக்கவே இல்லை.

"வெறும் பன்னண்டாவதுதானா சார், இல்ல நீட்டும் எழுதுதா?"

"நீட் இல்ல. ஆனா கராத்தேல பிளாக் பெல்ட்டுக்குப் போவுது."

"அப்ப இத எடுத்துக்குங்க," என்று அவர் கடையிலேயே பெரிய ஃபிளவர்ஹார்ன் மீனைக் காட்டினார்.

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு, உடம்பெல்லாம் சிவப்பு, முகத்தில் எப்போதும் கோபம். வீட்டுக்கு வந்த அன்றே தண்ணீர் ஊற்றிய என் விரலைக் கடித்தான். அந்த வினாடியிலிருந்து எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப் போனது. வீட்டில் என் குணத்துக்கு ஒருத்தன் வந்து சேர்ந்தான் என்று இருந்தது.

அந்த வருஷம் நான் ஓடிய ஓட்டத்தில் அவன் ஒருவன்தான் எனக்குத் துணை. விடிகாலையில் கராத்தே, வந்ததும் அவனுக்குத் தீனி, பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் பிசிக்ஸ் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீர் மாற்றுவது. நேரம் போதாமல் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் தொட்டி மூடிமேல் சாய்த்து வைத்து, கால்களை அகட்டி முட்டியை மடக்கி நின்றபடி ஆர்கானிக் சமன்பாடுகளை மனப்பாடம் செய்வேன். ஒரு சமன்பாட்டுக்கு ஒரு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் அவன் கண்ணாடியில் வந்து முட்டுவான். எந்தப் பரீட்சைக்கு எதைப் படிக்கிறேன் என்பது எனக்கே குழம்பும். பெல்ட் டெஸ்டுக்கான வரிசை அடிகளை நினைத்தால் பென்சீன் வளையம் வரும்.

பிளாக் பெல்ட் டெஸ்ட் பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னால், டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று முடிவானது. ஆறாவதிலிருந்து அதற்காகத்தான் உதை வாங்கிக்கொண்டிருந்தேன். அதை விட்டால் காலேஜ், எந்த ஊரோ, எந்த ஹாஸ்டலோ. இனி கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

"மீன் போவட்டும், அப்புறம் நீ போ," என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"அப்ப நானே அவனத் தூக்கி வெளிய போட்டுட்டுப் போறேன்."

"சீ, வாயக் கழுவு. நாமளா செஞ்சா பாவம். அதுவாப் போனாதான் கணக்கு." கொஞ்சம் யோசித்து, "நீ ஏன் அதுக்குத் தண்ணி மாத்திகினே இருக்கிற? கொஞ்ச நாளு அத அது பாட்டுக்கு வுடேன்" என்றாள்.

நான் விடவில்லை. ஒரு கையில் டெஸ்ட், ஒரு கையில் அவன். இரண்டில் எதையும் நான் விடுவதாக இல்லை. எனக்கு வீம்பு ஜாஸ்தி. அது அம்மாவிடமிருந்து வந்ததுதான்.

அம்மாவும் பாவமில்லாத வழியைத் தேடிப் பிடித்தாள். ஒரு நாள் டியூஷன் முடிந்து வந்தால் தொட்டி இடம் மாறி ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மலை.

"நெனச்சாலே முக்தி குடுக்குற மலைடி," என்றாள். "அது நல்லபடியாப் போய்ச் சேரட்டும்."

செங்கம் ரோட்டில் ரூம் எடுத்து, இந்த மலையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார எங்கெங்கிருந்தோ கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள். எங்கள் மீனுக்கு அது வீட்டு ஹாலிலேயே கிடைத்தது. அவன் மலையைப் பார்த்தான். மலை அவனைப் பார்த்தது. நடந்ததெல்லாம், ஜன்னல் வெயிலில் தொட்டியில் பாசி பிடித்து எனக்கு வேலை இரட்டித்ததுதான். அந்த வெதுவெதுப்பில் அவன் இன்னும் சிவந்து, இன்னும் கொழுத்தான்.

பௌர்ணமிக்கு அம்மா வெறுங்காலோடு கிரிவலம் போனாள். எனக்காக என்றுதான் நினைத்தேன். வீங்கிய காலோடு வந்து நேராகத் தொட்டியை எட்டிப் பார்த்தபோதுதான் வேண்டுதல் யாருக்கு என்று புரிந்தது. அவன் வாயைத் திறந்து தீனி கேட்டான்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்கும் கடைசி முயற்சியாகக் கராத்தே மாஸ்டரை வீட்டுக்கு வரச் சொன்னேன். "பயம்னா இன்னானே தெரியக் கூடாது!" என்று தினமும் கத்துகிறவர். அம்மா அவருக்குக் காபி கொடுத்துக் கணக்கை விளக்கினாள். அவர் மீனை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றதும் நியாயம்தாங்க" என்றார். கேட்டுக்கு வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "அந்த மீன் கடை எங்க கீது?" என்று கேட்டார். அடுத்த வாரம் வகுப்பில் சாமி படத்துக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் இரண்டு மீன்கள் நீந்தின. டெஸ்டுக்கு முன்பே இரண்டும் செத்துப்போயின. எங்கள் எல்லோருக்கும் மாஸ்டர் சாக்லேட் கொடுத்தார்.

டெஸ்டுக்கு முந்தைய நாள் அப்பா வழக்கத்துக்கு முன்பாகவே ஆபீஸிலிருந்து வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா டிபன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மார்க்கெட்டில் வாங்கிய ஜிலேபி கெண்டை. நெற்றியில் புடைப்பு இல்லை என்பதைத் தவிர, தூரத்திலிருந்து பார்த்தால் அவன் சாயல் கொஞ்சம் இருந்தது.

"செத்துட்டா புடைப்பு வத்திடும்னு சொல்லிக்கலாம் பாப்பா," என்றார். வாழ்க்கையில் ஒரு நாள்கூட ஆபீஸுக்குப் பொய் லீவு போடாத மனிதர். தொட்டியில் இருந்தவனை வாளியில் பிடித்து மொட்டைமாடி பாத்ரூமில் வைத்தோம். கெண்டையைத் தாம்பாளத்தில் கிடத்தி மஞ்சள் குங்குமம் வைத்தோம். அம்மா வந்தாள். குனிந்து பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஜிலேபிதான? பரவால்ல, நல்லா பாத்துதான் வாங்கியிருக்கீங்க."

நான் மாடிக்குப் போய் வாளியைத் தூக்கி வந்து அவனைத் தொட்டியிலேயே விட்டேன். அவள் மஞ்சள் குங்குமத்தைக் கழுவிவிட்டு மீனைச் செதில் எடுத்து, குழம்பு வைத்தாள். என் தட்டில் நடுத்துண்டைப் போடும்போதுதான் பேசினாள்.

"அப்பனும் பொண்ணும் சேந்து சாமியவே ஏமாத்தப் பாக்குறீங்க. சாமிக்குக் கொழம்பு மீன் எது, வளக்குற மீன் எதுன்னு தெரியாதா? போ, போய்த் தொல. நானும் வரேன். வர்றத நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் மண்டபத்தில் அம்மா முதல் வரிசை நாற்காலியில், மடியில் விபூதிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் சண்டை. எதிரே என்னைவிட ஒரு முழம் உயரமான ஆரணிப் பெண். அவள் உதையை இடது கையால் தப்பாகத் தடுத்தேன். தடுத்ததும் வலியில் கண் இருட்டியது. "ஏய், வுட்டுடு!" என்று அம்மா கத்தினாள். என்னிடமா அந்தப் பெண்ணிடமா என்று இன்றுவரை தெரியாது. ஒற்றைக் கையோடு சண்டையை முடித்தேன். பெல்ட் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு விரிசல் என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக்கூட உட்கார வைக்காமல் தொட்டியிடம் போனாள். அவன் எப்போதும்போல முறைத்தான். அவள் அவனையும் என் கைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"இவனுக்கு வர வேண்டியத நீ வாங்கிகின."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தால் கை வலித்தது. அழுதுவிட்டேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "சோத்துக் கை தப்பிச்சிது, பரீட்சை எழுதிடலாம்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

கட்டுப் போட்ட கையோடு நான் படிக்க உட்கார்ந்தேன். மீன் வேலை முழுக்க அம்மா தலையில் விழுந்தது. டியூபை உறிஞ்சித் தண்ணீர் இறக்கத் தெரியாமல் ஒரு வாய் பாசித் தண்ணீரைக் குடித்தாள். அவன் அவளையும் கடித்தான். "எம்பொண்ணு எலும்ப வாங்கினது பத்தலியா உனுக்கு?" என்று அவனைத் திட்டிக்கொண்டே, நான் சொன்னபடி அளந்து தீனி போட்டாள். இட்லியை அவன் கண்ணில்கூடக் காட்டவில்லை.

முதல் பரீட்சைக்கு முந்தைய நாள் அவன் சாப்பிடவில்லை. தொட்டியின் மூலையில் அசையாமல் கிடந்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சட்டென்று பழைய கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"நல்லதுதான? நாளிக்குதான் எக்ஸாம். கரெக்டா..."

"வாய மூடுங்க!" அம்மா போட்ட சத்தத்தில் நான் பேனாவைக் கீழே போட்டேன். அவள் தொட்டிக்குமுன் மண்டியிட்டு, கண்ணாடியில் விரலால் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. அவன் பார்வை போகிற பக்கம் அவளும் பார்த்தாள். ஜன்னல், அதற்கு வெளியே மலை.

எழுந்து ஓடி, கொடியில் கிடந்த போர்வையை உருவி வந்தாள். ஜன்னல் முழுக்க மறையும்படி அதை மாட்டினாள்.

"நீ படிடி," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "இவன் பாட்டுக்கு எதையாவது நெனச்சி கினச்சித் தொலைக்கப் போறான்."