எருமைகளை அழிக்கவில்லை

எங்கள் அடுக்ககத்தின் வரவேற்புக் கூடத்துக்குப் பெரிய ஓவியம் ஒன்று வரைந்து தரச் சொன்ன சங்கச் செயலாளர், கையோடு ஒரு பிரிண்ட் அவுட்டும் கொடுத்தார். பழைய டச்சு ஓவியம். தாழ்ந்த தரை, முக்கால்வாசி வானம், நீர்க்கரையில் மாடுகள்.

"இதே மாதிரி வேணும் சார். பார்த்தா ஒரு ஃபாரின் லுக் வரணும்."

அதே மாதிரிதான் வரைந்தேன். ஆவடித் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுக்க வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அடியில் செங்காவி பிரைமர் பூசாமல் எதன்மேலும் நிறம் வைக்க எனக்குக் கை வராது. கேன்வாஸுக்கும் அப்படியே பூசுவேன். ஓய்வுக்குப் பிறகு சேர்ந்த ஓவிய வகுப்பில் இதற்காகச் சிரித்தார்கள். டச்சுக்காரர்களும் அடியில் பழுப்பு பூசியவர்கள்தான் என்று பிறகு படித்தபோது வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை.

அந்த ஓவியன் தன் ஊர்க் கரையில் மேய்ந்ததை வரைந்தான். நான் என் பால்கனிக்குக் கீழே, நெமிலிச்சேரி ஏரிக்கரையில் மேய்வதை வரைந்தேன். நான்கு எருமைகள், பின்னால் ஒரு மின்கோபுரம், மேலே முக்கால்வாசி வானம்.

செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எருமையா சார்? ஃப்ளாட் பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? அதை மட்டும் அழிச்சிட்டு வெள்ளை மாடு போட்டுடுங்க. இல்லன்னா கீழே வைக்க முடியாது."

"வைக்க வேண்டாம்" என்றேன். அந்த எருமைகளைக் கரையிலிருந்து விரட்டச் சொல்லிப் போன மாதம்தான் இதே சங்கம் மனு கொடுத்திருந்தது. படத்திலிருந்தும் விரட்ட என் தூரிகைதானா கிடைத்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள், கரையில் அவற்றை மேய்க்கும் எருமைக்கார அம்மாவை வீட்டுக்கு அழைத்தேன். பல தலைமுறையாக இங்கே பயிர் வைத்த குடும்பம். இந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சார், கடைசில நிக்கிறது எங்க கெழவிதானே? அதுக்கு இடது கொம்பு மொனை ஒடிஞ்சிகீது. நீ முழுசா போட்டுகீறியே."

தூரிகையை எடுத்தேன். நான் திருத்தியது அந்த ஒரு கொம்பை மட்டும்தான்.

படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. பகலெல்லாம் கதவைத் திறந்தே வைக்கிறேன். ஃப்ளாட் பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.