கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் படம் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்தத் தீய்ந்த பருத்தி வாசனை. பிறகு உள்ளே விசிறி இரையும் சத்தம், அதற்குப் பிறகு காத்திருப்பு. நான் தலைவாரிச் சடை பின்னி, இட்லியும் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். குமாரபாளையத்தில் நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் அது.

மூடிவிட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து அப்பா அதை வாங்கி, மொபெட்டில் முன்னால் நிறுத்தி வைத்து, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீடு முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் விசைத்தறிப் பட்டறை. நடுவில் கதவு கிடையாது. தறி ஓடினால் பஞ்சு பறக்கும். சோற்றில் பஞ்சு, தலையில் பஞ்சு, சாமி படத்து மாலையில் பஞ்சு. அதை அழுக்கு என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததே இல்லை.

ஆனால் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. "ஊட்டுக்குப் புதுப் பொருளுங்க, பஞ்சு பூந்தா வீணாப் போயிரும்" என்று சொல்லி, எங்கள் தறியில் நெய்த நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியில் மிச்சம் இருந்ததை எடுத்து, மேசைக்குக் கீழே இருக்கிற அந்த சி.பி.யு. பெட்டிக்கு அளவெடுத்து ஒரு "சட்டை" தைத்தார். வயர் வர ஓர் ஓட்டை, பொத்தானை அமுக்க ஓர் ஓட்டை, அவ்வளவுதான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெருவில் அடுத்தடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் அம்மாவிடம் வந்து அளவு கேட்டுப் போனார்கள். ஓடும்போதும் அந்தச் சட்டையை நாங்கள் கழற்றியதில்லை. துணியே பருத்திதான், அதன் வழியாகத்தான் அந்த விசிறி மூச்சிழுக்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சில மாதங்களில் கம்ப்யூட்டர் ஊர ஆரம்பித்தது. பெரியப்பா மகன் செந்தில் அண்ணன், கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவன், வைத்தியம் பார்க்க வந்தான். சினிமாக்களையெல்லாம் பென்டிரைவுக்கு மாற்றினான், யாரும் விளையாடாத விளையாட்டுகளை நீக்கினான், குப்பைத்தொட்டியைக் காலி செய்தான். நாம் கூப்பிடாமலேயே தானாகத் திறந்துகொண்டு பின்னால் ஓடுகிற புரோகிராம்களை நிறுத்தினான். அதுமட்டும் அப்பாவுக்கு உடனே புரிந்தது. "ஆளில்லாத தறிய எதுக்குச் சாமி ஓட்டோணும்? நிறுத்திப்போடு" என்றார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் வேகமாக ஓடும், மறுபடி பழைய கதைதான். சூடாகிச் சூடாகித் தானே அணைந்துபோகும். நான் அழாத குறை.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அன்றைக்குத்தான் தறிகள் ஓயும். அன்றைக்குத்தான் அப்பாவின் இருமலும் கேட்கும். மற்ற நாள்களில் ராத்திரி பகலாக ஓடும் தறிச் சத்தத்தில் அது எங்கே கேட்கிறது? "கரண்டு போச்சுன்னு உங்கப்பா இருமியே சொல்லிப்போடுவாரு" என்று அம்மா கேலி பேசுவார், நானும் சிரிப்பேன்.

அப்படி ஒரு கரண்ட் இல்லாத முற்பகலில், என் புலம்பல் தாங்காமல், தறிக்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு அம்மாவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சட்டையைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளை எடுத்து இழுத்தார். உள்ளே விசிறியும் தெரியவில்லை, சர்க்யூட் பலகையும் தெரியவில்லை. பெட்டி முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் பஞ்சு, மெத்தை மாதிரி அமுங்கி, நடுவில் சூட்டில் பழுப்பேறிக் கிடந்தது. அம்மா விரலை விட்டு இழுக்க, அது பிய்யாமல் கம்பளிபோலச் சேர்ந்தாற்போல வந்தது. "அட சாமி, ஒரு தலகாணி தெக்கலாமாட்ட இருக்குது" என்று அம்மா சிரித்தார்.

அப்போது பட்டறையில் அப்பா இருமினார். இழுத்து இழுத்து, அடங்காத இருமல்.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார், பட்டறைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா சிறுவயதிலிருந்து தறியோடு நிற்கிறவர்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அப்பா வந்தார். "என்ன புள்ள, ஊடெல்லாம் பஞ்சு?" என்றார்.

"பொட்டிக்கு அளவெடுத்துச் சட்டை தெச்சனுங்களே" என்றார் அம்மா. "உங்க மூக்குக்கு ஒரு துணி கட்டோணும்னு எனக்குத் தோணலீங்களே."

"பொட்டியும் நானும் ஒண்ணா? நமக்கெல்லாம் பழகிப்போச்சு" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். தீய்ந்த வாசனை இல்லை. நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் படம் வந்து நின்றது. அவ்வளவு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் பார்த்துச் சந்தோஷப்பட எங்கள் மூவரில் யாருக்கும் மனசில்லை. பக்கத்தில் அம்மா அந்த நீலக் கட்டச் சட்டையைக் கத்தரியால் வெட்டி, நாடா வைத்து, மூக்கை மூடுகிற மாதிரி தைத்துக்கொண்டிருந்தார். அப்பா அதை அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டார். மறுநாளே ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், இனித் தறிப் பக்கமே போகக் கூடாது, பஞ்சால் நுரையீரல் கெட்டது கெட்டதுதான் என்றார். பெட்டிக்குள் இருந்த பஞ்சை விரல்களாலேயே இழுத்து எடுத்த அம்மா, வழி நெடுக அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சில வருடங்களில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தறிகள் பழைய இரும்புக்குப் போயின. அந்த வீட்டில் இப்போது கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அமைதிதான். நான் சேலத்தில், விசிறியே இல்லாத மெல்லிய லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் இன்றும் போன் செய்து, "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா ஓடுது கண்ணு, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். வேண்டாததை அழியுங்கள், அணைத்துப் போடுங்கள், மூடியைத் திறந்து தூசு தட்டுங்கள் என்று எல்லாம் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால், பட்டறை வைத்திருக்கிற வீடாக இருந்தால், தறியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு யாராவது இருமுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டுச் சொல்லச் சொல்வேன்.