வெள்ளையம்மா மேல் வந்தது

மாரியம்மன் தன் மேல் வரவேண்டுமென்று வெள்ளையம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கொழுந்தெடுத்து, சமைத்துப் போட்டு, முதுகு சாய்த்தால் போதும் என்று கிடந்த பொம்பளை அவள். இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், 2006ஆம் வருடத் திருவிழாவன்று, எல்லாரையும் போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். செய்த குற்றம் அவ்வளவுதான். வலது கை முறுக்கிக்கொண்டு மார்போடு ஒட்டியது, விரல்கள் மடங்கின, வலது கால் கட்டையாய் விறைத்தது.

"வலிக்குது... ஐயோ, வலிக்குது" என்றாள்.

தப்பு மேளத்தின் சத்தம் கூடியது. யாரோ நெற்றி நிறைய திருநீறு அப்பினார்கள். கோயில் கூரைத் தகரம் ஒழுகுவதுதான் ஆத்தாளுக்கு வலிக்கிறது என்று தோட்டத் தலைவர் அர்த்தம் சொல்ல, கூட்டமும் ஆமாம் போட்டது. ஒரு நிமிஷத்துக்குள் கை தானே அவிழ்ந்தது.

உண்மையில் அது கோயிலில் தொடங்கியதே இல்லை. கிள்ளிய கொழுந்தை முதுகுக் கூடைக்குள் எறியக் கை பின்னால் போகும்போதெல்லாம் மலையிலேயே இழுத்திருக்கிறது. சொன்னதற்குப் புருஷன் கன்னையா, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துவிட்டான். திருவிழாவுக்குப் பிறகோ அவன் ஆளே மாறிப்போனான். லயத்து வரிசை வீடுகளில் நாய்கூட மதிக்காத மனுசனுக்கு இப்போது ஆட்கள் எழுந்து இடம் விட்டார்கள். டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சியபோது, ஆத்தா வருகிற உடம்பில் ஊசி ஏற்றினால் குடும்பத்துக்கே ஆகாது என்றான். பொய்யில்லை, மனசார நம்பினான். அதுதான் பாவம்.

பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மகளுக்கு எப்போது வரன் அமையும், மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைக்குமா என்று கேட்க, அவளுக்கு இழுக்கும்வரை காத்திருந்தார்கள். அவளுக்கோ தூங்கினால் போதுமென்றிருந்தது. தலை சீவினால் இழுத்தது, புரண்டு படுத்தால் இழுத்தது. வலது கால் தரையில் உரசத் தொடங்கியது. ஒரு காலையில் இரண்டு காலுமே தாங்கவில்லை, சிறுநீரும் இறங்கவில்லை. அப்போதுதான் கன்னையா பயந்து, கம்பளியில் கிடத்தி, ரோட்டுக்குத் தூக்கி வந்து, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

வார்டில் டொக்டர் புவாட் விசாரித்தபோதும் அவனுக்குப் பெருமை போகவில்லை. சாமி வரும்போதுகூட அவளுக்கு நினைவு தப்பாது, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்லுவாள் என்றான். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். கொழுந்து எறிகிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னார். உடனே இழுத்தது. முறுக்கிய கையைப் பிடித்துக்கொண்டே பேரும் ஊரும் கேட்டார். அழுதுகொண்டே அத்தனைக்கும் சரியாகச் சொன்னாள்.

பிறகு கண்ணைப் பற்றி விசாரித்தார். போன வருடம் ஒரு கண் நோவெடுத்து, புகைமூட்டமாகி, பாதிதான் திரும்பியது என்றாள். இதை எவருமே அவளிடம் கேட்டதில்லை.

"கழுத்துக்குள்ள ஓடுற நரம்புல புண்ணும்மா. ஒங்க ஒடம்பே அதைக் கடிக்குது, போன வருசம் கண்ணையும் அதுதான் கடிச்சிருக்கு. அசைஞ்சா இப்படி வலியோட இழுக்குறது அதோட அடையாளம்" என்றார் டொக்டர்.

கொழும்பில் எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. மாத்திரை போட்டதும் இழுப்பு அடங்கி, அவள் செத்தவள் போலத் தூங்கினாள். ஊசி மருந்து ஏறியும் கால்கள் பாதிதான் வந்தன. இழுப்பு மட்டும் இருந்தபோதே கூட்டி வந்திருந்தால் கால்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் கன்னையாவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

லயத்துக்குத் திரும்பினார்கள். தடி ஊன்றினால் தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் போகலாம். மலை ஏற முடியாது. கன்னையா அவள் காலடியில் உட்கார்ந்து விம்மினான்.

"எனக்கு வெளங்கலையே புள்ள. நீயாச்சும் வாய் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"நான் கத்துனேன். நீங்க கும்புட்டீங்க."