விஞ்சுக்கு வாங்கிய பேட்டரி

எனக்குப் பத்து வயதான வருடம் மாமா ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அவர் அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் எங்களோடுதான் இருந்தார். வாங்கிய கையோடு ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு விஞ்சைப் பொருத்தினார். இரும்புக் கயிறு சுற்றிய உருளை அது, பேட்டரியில் ஓடும். சேற்றில் மாட்டிய லொறியில் கொக்கியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், உருளை சுற்றிச் சுற்றிக் கயிற்றை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரக்கறி லொறி ஒன்றாவது சேற்றில் இறங்காத வாரமே கிடையாது. இனி எல்லோரும் தன்னைத்தான் தேடி வருவார்கள் என்று மாமா நம்பினார்.

முதல் லொறி வந்தது. கோவா, அதாவது முட்டைக்கோசு, ஏற்றிய லொறி. பாதி இழுத்ததும் விஞ்சு முனகிக்கொண்டே நின்றுவிட்டது. அதோடு ஜீப்பும் அணைந்து, பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதலில் ஜீப்பைத் தள்ளினார்கள், அப்புறம் லொறியைத் தள்ளினார்கள். மாமா இரண்டு நாள் கடைத்தெருப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அம்மாவுக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிளினிக் இருந்தது. ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு மாமா பேட்டரி வாங்கப் புறப்பட்டார். ஜீப்பில் போகும் ஆசையில் நானும் ஏறிக்கொண்டேன்.

கிளினிக் முடிந்து அம்மா எங்களோடு சேர்ந்துகொண்டபோது மாமா இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தார். மூன்றாவது கடை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு முஸ்லிம் நானாவின் கடை. மாமா உள்ளே போனதும் மின்னல் படம் போட்ட ஒரு சிவப்புப் பேட்டரியைக் காட்டினார்.

“இதக் குடுங்க நானா. பாக்கவே பவரா இருக்கு.”

நானா அதை எடுக்கவில்லை. “தம்பி, இது கார் ஸ்டார்ட் பண்ண நல்லம். ஒரே தம்ல குடுத்துட்டு ஓஞ்சிரும். விஞ்சு அப்பிடி இல்ல, நின்னு இழுக்கணும். ஒங்களுக்கு வேற சாமான் வேணும்” என்று சொல்லி, கீழ்த்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை இழுத்து வைத்தார். மாமாவைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். மாமா தூக்கினார், முகம் சிவந்தது.

“பாரம் ஈக்குதுதானே? உள்ளுக்கு ஈயம் ஈக்குது. இது சீல் அடிச்சது. ஜீப் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அசிட் சிந்தாது. இறுக்கிக் கட்டி வச்சீங்கண்டா கல்லு ரோட்டுல குலுங்கினாலும் ஒண்ணும் ஆவாது.”

அம்மா குனிந்து பேட்டரியின் நான்கு பக்கமும் பார்த்தார். “இதுல திகதி எங்க போட்டிருக்கு?”

மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. “அக்கா, இது என்ன பால்மா பேக்கட்டா?”

“தங்கச்சி கேட்டதுதான் கேள்வி” என்றார் நானா. “பேட்டரியும் சும்மா கெடந்தா செத்துப் போவும்.” மூடியில் அழுத்தியிருந்த திகதியைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பேட்டரியை அவரே திரும்ப உள்ளே தள்ளினார். செய்து இரண்டு மாதமே ஆன இன்னொன்றைக் கொண்டுவந்து, முள் வைத்த ஒரு கருவியின் கொக்கிகளை அதில் மாட்டினார். கருவி சூடாகி மணத்தது, முள் உச்சியிலிருந்து அசையவில்லை. ஜீப்பிலிருந்த பழைய பேட்டரியிலும் மாட்டினார். முள் பாதிக்குச் சரிந்தது.

பழையது எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மட்டும், புதியது விஞ்சுக்கு மட்டும் என்று நானா பிரித்துவிட்டார். “எஞ்சின ஓடவிட்டுட்டு இழுங்க. கொஞ்சம் இழுக்கிற, நிப்பாட்டுற, திரும்ப இழுக்கிற. ஒரேயடியா அமுக்கிக்கிட்டு நிக்க வாணாம்” என்று இரண்டு தரம் சொன்னார். மாமா தெரிந்த விஷயம் போலத் தலையாட்டினார்.

புதிய பேட்டரியை வைக்க இரும்புத் தட்டு அடிக்க வேண்டியிருந்தது. அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. “லயத்துல வேல கெடக்கு. நீங்க மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் போகும் வேனில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் ஒரு மணி நேரம் கழித்துப் புறப்பட்டோம். மழை வலுத்திருந்தது. மூடுபனி தேயிலை மலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது.

பட்டிப்பொலவுக்குப் போகும் ரோட்டில் ஓர் இடத்தில் ஒரு ஆள் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அம்மா ஏறிப்போன வேனின் டிரைவர். அவருக்குப் பின்னால், எங்களைப் பார்த்தபடி அந்த வேன் நின்றது. எங்களுக்கு முன்னால் போன வேன் எப்படி எங்களைப் பார்த்து நிற்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அதன் ஒரு முன் சக்கரம் ரோட்டில் இல்லை, பள்ளத்தின் மேல் அந்தரத்தில் இருந்தது. வேனின் வயிறு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் தன் பக்கத்துக் கதவால் குதித்துவிட்டார். உள்ளே ஆறு பேர். அவர்களுடைய கதவு பள்ளத்துப் பக்கம். பின்பக்கம் முழுக்க மூட்டைகள். யாராவது முன்னால் நகர்ந்தால் வேன் முன்னால் சாய்ந்தது.

டிரைவர் மாமாவின் காதருகே ஏதோ வேகமாகச் சொன்னார். மாமா ரோட்டின் மேல் வளைவை ஒரு தரம் பார்த்தார்.

நான் ஜன்னலில் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். கையை உயர்த்தவில்லை, முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்றை மட்டும் தூக்கி, அங்கேயே நில் என்று காட்டினார். “அம்மா” என்று கத்தப் போனேன். மாமாவின் கை என் வாயை மூடியது.

எங்களுக்குப் பின்னால் ஒரு பால் லொறியும் ஓர் ஆட்டோவும் வந்து நின்றன. அவற்றில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பால் லொறிக்காரர் சிங்களத்தில் வேனுக்குள் இருந்தவர்களை அசையாமல் இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா ஜீப்பின் பின் சக்கரங்களை ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறக்கி, மேட்டிலிருந்த மரத்தோடு பின்பக்கத்தைக் கட்டினார். கொக்கியை எடுத்துக்கொண்டு சேற்றில் படுத்து வேனுக்கு அடியில் ஊர்ந்தார். வேனின் கீழிருந்து சின்னச் சின்னக் கற்கள் பள்ளத்தில் உருண்டுகொண்டே இருந்தன.

எழுந்து வந்தவர் தன் சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் திணித்தார். “பாப்பா, மேல வளைவுக்கு ஓடு. அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டியும் வரக்கூடாது. வந்தா இத ஆட்டி நிப்பாட்டு.”

“நான் மட்டுமா மாமா?”

“ஒன்னத் தவிர யாரு இருக்கா? எல்லாரும் இங்க வேணும். ரோட்டையே பாரு. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்காத. நீ திரும்புற நேரத்துல வண்டி வந்துச்சுன்னா நம்ம எல்லாரும் போயிருவோம்.”

நான் ஓடினேன். வேனைத் தாண்டும்போதுகூட அம்மா பக்கம் பார்க்கவில்லை. வளைவில் நின்று, ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பனிக்குள் பார்த்தேன். பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. எந்த நொடியிலும் அதற்குள்ளிருந்து ஒரு லொறி வரும், நான்தான் அதை நிறுத்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜீப்பின் எஞ்சின் உறுமியது. விஞ்சு சுற்றத் தொடங்கியது. கொஞ்சம் சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. நானா சொன்னபடியே மாமா செய்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை என்று நினைக்கிறேன். எஞ்சின் இருமியது. திரும்ப இருமியது. அணைந்துவிட்டது.

டாங்கியில் டீசல் குறைவு; கானில் ஜீப் சாய்ந்து நின்றதால் பைப்பில் காற்றுப் புகுந்துவிட்டதாம். இது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டது மழை மட்டும்தான். சாவியைத் திருப்பும் சத்தம் இரண்டு தரம் வந்து ஓய்ந்தது. யாரோ ஒரு பெண் வேனுக்குள் அழுதாள். அம்மா அழுதால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, கேட்டதில்லை. அதனால் அது அம்மாவா இல்லையா என்றும் தெரியவில்லை. கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. ஜாக்கெட்டின் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

“கல்லு வழுக்குதுடா!” என்று டிரைவர் கத்தினார்.

“வெறும் பேட்டரியில இழுக்கிறேன்” என்றது மாமாவின் குரல். “வர்ற மட்டும் வரட்டும்.”

விஞ்சு மட்டும் தனியாகச் சுற்றியது. எஞ்சின் சத்தம் இல்லாததால் அது ஒரு பெரிய வண்டு இரைவது போலத் தெளிவாகக் கேட்டது. நின்றது. சுற்றியது. இந்தத் தடவை மெதுவாக. நின்ற நேரம் நீண்டது. கோவா லொறியில் அது முனகி நின்ற சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த முனகல் வந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மறுபடி சுற்றியது. இரும்பு கல்லில் உரசும் சத்தம், தடால் என்று ஒன்று, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்தக் கத்தல் எந்த வகை என்று எனக்குப் புரியவில்லை. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பில்லாமல் சேற்றில் நடந்து வரும் சத்தம் கேட்டது. அம்மா. என் கையிலிருந்து ஜாக்கெட்டை எடுக்கப் பார்த்தார். என் விரல்கள் விறைத்துப் போயிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். “வா புள்ள” என்றார். அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த வேன் டிரைவரைப் பார்த்தேன். பேச்சு அந்த மழைநாளுக்குப் போனது. அன்றைக்கு மேல் வளைவைத் தாண்டி ரோடே இல்லை என்று அவர் சொன்னார். மலை சரிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதைக் கண்டுதான் அவர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். சேற்றில் வழுக்கியது அப்போதுதான். ஜீப்பை நிறுத்தியதும் மாமாவின் காதில் அவர் சொன்ன முதல் விஷயமே அதுவாம். அந்தப் பக்கமிருந்து ஒரு சைக்கிள்கூட வந்திருக்க முடியாது.

அந்த மழைநாள் சாயங்காலம், வேறு ரோட்டால் சுற்றி வீடு வந்து சேர்ந்த பிறகு, அடுப்படியில் அம்மா என் தலையை வலிக்க வலிக்கத் துவட்டிக்கொண்டிருந்தார். மாமா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை நேரம் காவல் நின்றும் ஒன்றும் நடக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“ஒரு வண்டிகூட வரல மாமா” என்றேன்.

“நீ நின்னியே, அதான் வரல” என்றார் மாமா.

நான் அதை அப்படியே நம்பினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.